துணியில் எழுதிய தவக்காலம்

1472ஆம் ஆண்டு. ஜேர்மனியின் கிழக்கு மூலையில், இன்றைய செக், போலந்து எல்லைகளை ஒட்டிக் கிடக்கிறது சிட்டாவ் என்ற நகரம். அங்கே தானியமும் வாசனைச் சரக்கும் விற்றுவந்த யாக்கோப் கியூர்ட்லர் என்ற வணிகர், ஊர்க் கோயிலுக்கு ஒரு துணியைக் காணிக்கையாகக் கொடுத்தார். உயரம் 8.20 மீற்றர், அகலம் 6.80 மீற்றர். வரிசைக்கு ஒன்பதாகப் பத்து வரிசையில் 90 படங்கள். உலகம் படைக்கப்பட்டது முதல் பொதுத் தீர்வை வரைக்கும் விவிலியக் கதை முழுவதும் அதில் இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் இயைபோடு ஜேர்மன் வரிகள் எழுதப்பட்டிருந்தன. தவக்காலம் வந்ததும் அந்தத் துணி பீடத்தை மறைத்துத் தொங்கும். வழக்கமாகப் பீடத்தை நோக்கும் கண்களுக்கு அத்தனை நாளும் அந்தத் துணிதான்.

நான் தையல் தொழில் செய்பவள். மன்னாரில் பிறந்து, ஜேர்மனியில் வாழ்கிறேன். எங்கள் ஊரில் தவக்காலத்தின் கடைசி நாட்களில் கோயில் சுரூபங்களை ஊதாத் துணியால் போர்த்துவார்கள். அந்தத் துணிகளை வெட்டித் தைத்துக் கொடுத்தவர் என் அம்மம்மா. மாதாவின் முகம் மறையும், அந்தோனியாரின் முகம் மறையும், உயிர்ப்புத் திருவிழா வரைக்கும் கோயில் வேறொரு இடமாகிவிடும். பிழைக்க வந்த நாட்டில், ஒரு கோயிலையே மறைக்கும் அளவுக்குத் துணி தைத்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது, அதன் வரலாற்றைத் தேடிப் படிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

நோன்புத் திரையால் பீடத்தை மறைக்கும் இந்த வழக்கத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் வயது. தொடக்கத்தில் மடங்களிலும் பேராலயங்களிலும் தொங்கியவை படம் எதுவும் இல்லாத வெறும் திரைகள். பெரும் பாவம் செய்தவர்களைத் தவக்காலம் முழுவதும் கோயிலுக்கு வெளியே நிறுத்தும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. திரை வந்த பிறகு அந்தத் தவம் எல்லாருக்கும் பொதுவானது என்பது வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்லும் விளக்கம். வயிறு உணவைத் துறப்பதுபோல் கண் பீடத்தின் காட்சியைத் துறந்தது. பெரிய கிழமையின் புதனன்று திருப்பாடுகளின் வரலாற்றை வாசிப்பார்கள். எருசலேம் ஆலயத்தின் திரை இரண்டாகக் கிழிந்த இடத்துக்கு வரும்போது கோயில் திரையை அவிழ்த்துத் தரையில் விழவிடுவார்கள். வாரக்கணக்காக மறைந்திருந்த பீடம் ஒரே கணத்தில் எல்லார் முன்னாலும் நிற்கும்.

பிறகு திரையில் படங்கள் ஏறின. ஒஸ்திரியாவின் கெர்ன்டன் மாநிலத்தில் குர்க் என்ற சிற்றூரின் பேராலயத்துக்கு, கொன்ராட் என்ற ஃபிரீசாக் ஊர் ஓவியர் 1458இல் வரைந்து முடித்த திரையில் 99 காட்சிகள் இருக்கின்றன. ஒரு பாதியில் பழைய ஏற்பாடு, மறு பாதியில் புதிய ஏற்பாடு. அதன் பரப்பு ஏறக்குறைய 80 சதுர மீற்றர். அதை இன்றைக்கும் தவக்காலத்தில் தொங்கவிடுகிறார்கள். ஃப்ரைபுர்க் பேராலயத்தின் 1612ஆம் ஆண்டுத் திரை அதைவிடப் பெரிது. இத்தனை அகலத்தில் அந்தக் காலத்துத் தறி எதுவும் நெய்யாது. லினன் கீற்றுகளை ஒன்றோடொன்று பொருத்தித் தைத்த பிறகே ஓவியருக்கு வேலை. பாரம் முழுவதையும் அந்தத் தையல்தான் தாங்கவேண்டும். சாயத்தையும் மெல்லியதாகவே பூசவேண்டும். தடிப்பாகப் பூசினால், தவக்காலம் முடிந்து சுருட்டிவைக்கும்போது வெடித்து உதிரும்.

மறைப்பதற்கென்று வந்த துணியில் 90 படங்களா, நோன்பு அப்போதே முறிந்துபோயிற்றே என்று கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் காலத்துக் கோயிலில் பொன் பூசிய பீடம் கண்ணை ஒரே வீச்சில் நிறைத்துவிடும். திரையோ சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்தது. ஏவாளைப் பார்க்க ஒரு நேரம் வேண்டும், நோவாவின் பேழைக்கு இன்னொரு நேரம் வேண்டும். 90 படங்களையும் 40 நாளுக்குப் பங்கிட்டால், நாளுக்கு இரண்டோ மூன்றோதான் வரும். கண் பசித்திருந்து, கிடைத்ததை மென்று தின்னும் முறை இது. எழுத்து அறியாதவருக்காக வரைந்தது என்று மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அடியில் வரிகளும் இருந்தனவே! வாசிக்கத் தெரிந்தவரும் நின்று பார்க்கவேண்டும் என்றுதான் அவற்றை எழுதியிருக்கிறார்கள்.

திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் இந்தத் திரைகளை ஏற்கவில்லை. சீர்திருத்தம் பரவிய இடங்களில் பெரும்பாலும் அவை இறங்கிவிட்டன. ஆனால் சிட்டாவ் மக்கள் லூத்தரின் சபைக்கு மாறிய பிறகும் 1672 வரை தங்கள் திரையைத் தொங்கவிட்டார்கள். 1573இல் சிலுவைக் காட்சியோடு இன்னொரு சிறிய திரையையும் செய்துகொண்டார்கள். கொள்கை மாறியபோதும் கண்ணின் பழக்கத்தை அந்த ஊர் விட்டுவிடவில்லை.

1672க்குப் பின் பெரிய திரை மறக்கப்பட்டது. 1840இல் நகர நூலகத்தில் கண்டெடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பாதுகாப்புக்காக அருகிலுள்ள ஒய்பின் மலையில் ஒளித்துவைத்தார்கள். 1945இல் சோவியத் படைவீரர்கள் அதை நான்காகக் கிழித்து, காட்டில் தாங்கள் அமைத்த நீராவிக் குளியலறைக்கு உட்சுவராகத் தொங்கவிட்டார்கள். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு தாங்கிய சாயம் ஆவியில் கரைந்தது. விறகு பொறுக்கப் போன ஒருவர் கண்டு மீட்டுவந்தார். 1994–95இல் சுவிற்சர்லாந்தின் அபெக் அறக்கட்டளை அதைச் செம்மைப்படுத்திக் கொடுத்தது, கூலி வாங்காமல். 1999 முதல் சிட்டாவின் திருச்சிலுவைக் கோயிலில் ஒரு மாபெரும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

அங்கே போய் நின்றபோது என்னை நிறுத்திவைத்தவை சாயம் போன இடங்கள். செப்பனிட்டவர்கள் அழிந்ததைப் புதிதாக வரைந்து நிரப்பவில்லை. காயத்தைக் காயமாகவே விட்டு, துணியை மட்டும் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். கிழிந்ததைத் தைக்கும் தொழிலில் இதைவிட நேர்மையான வேலையை நான் கண்டதில்லை. பாடுகளைச் சொல்ல வரைந்த துணி, தானும் பாடுபட்டிருக்கிறது.

ஜேர்மன் கோயில்களில் பெரும்பாலும் அற்றுப்போயிருந்த இந்த வழக்கத்தை மீண்டும் பரப்பியது, 1958இல் ஜேர்மன் ஆயர்கள் தொடங்கிய மிசேரியோர் என்ற உதவி நிறுவனம். 1976இல் அது வெளியிட்ட முதல் நோன்புத் திரையை வரைந்தவர் ஓர் இந்தியர், ஓவியர் ஜோதி சாஹி. அதன் பிறகு உலகின் பல நாட்டு ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டுத் திரை சிலி நாட்டில் பிறந்த லிலியன் மொரேனோ சான்செஸ் செய்தது. சந்தியாகோ நகரின் ஆர்ப்பாட்டங்களில் அடிபட்டு முறிந்த ஒரு காலின் எக்ஸ்ரே படம்தான் அதன் அடிப்படை. வரைந்தது மருத்துவமனை, கன்னியர் மடம் ஆகியவற்றின் படுக்கை விரிப்புகளில். கிழிசலைத் தைத்த தையலுக்குப் பொன்னிறம் கொடுத்திருந்தார். தவக்காலம் முழுவதும் எங்கள் பங்குக் கோயிலில் அதன் பிரதி தொங்கியது. முதல் கிழமையில் எனக்குக் கோடுகள் மட்டும்தான் தெரிந்தன. கிழமைகள் போகப் போக அந்தக் கால் யாருடைய கால் என்று கேட்கத் தொடங்கினேன். எங்கள் ஊரில் போர் முறித்த கால்கள் எனக்குத் தெரியும். சிலுவையின் பாரத்தோடு நடந்த காலையும் அவற்றையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

எங்கள் கோயில்களில் நோன்புத் திரை இல்லை. ஆனால் சுவரில் சிலுவைப் பாதையின் 14 நிலைகள் இருக்கின்றன. அந்த எண்ணிக்கையைப் பாப்பரசர் பன்னிரண்டாம் கிளமென்ட் 1731இல் நிலைப்படுத்தினார். வெள்ளிக்கிழமைகளில் பாடிக்கொண்டே, முழங்காலிட்டு எழுந்து, அரை மணி நேரத்தில் அவை பதினான்கையும் கடந்துவிடுகிறோம். அந்தப் பாட்டையும் மன்றாட்டையும் நான் நேசிக்கிறேன், அவை இல்லாத தவக்காலம் எனக்கு வேண்டாம். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். கிழமைக்கு ஒரு நிலையைத் தேர்ந்தெடுங்கள். பூசை முடிந்து எல்லாரும் போன பின் அதன் முன்னால் நில்லுங்கள். அதில் யார் யார் நிற்கிறார்கள், யாருடைய கை எங்கே இருக்கிறது, யார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று பாருங்கள். அடுத்த நாளும் அதே படத்துக்குப் போங்கள். ஆறு கிழமையில் ஆறு படங்கள் போதும். ஐந்தாம் நிலையில் சிலுவைக்குத் தோள்கொடுக்கும் சீமோன் தானாக முன்வரவில்லை, பிடித்து இழுத்துவரப்பட்டவர். அவர் முகத்தை ஒரு கிழமை பார்த்தவருக்கு, அடுத்தவர் பாரத்தில் தன் தோளும் படவேண்டிய இடம் தெரிந்துவிடும்.