மூடிய சிப்பி, ஆயிரம் என்ன விலை?

முத்துக்குளிப்பு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது, இடுப்பில் கயிறும் காலடியில் கல்லுமாகக் கடலுக்குள் இறங்கும் ஆள்தான். ஆனால் அவர் இறங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே தூத்துக்குடியில் இன்னொரு வேலை நடந்து முடிந்திருக்கும். பிரிட்டிஷ் அதிகாரிகள் கடலடி முத்துப்பார்களைச் சோதிப்பார்கள். மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்துவந்து, அழுகவிட்டு, கழுவி, தேறிய முத்துகளுக்கு வியாபாரிகளை விட்டு மதிப்புப் போடச் சொல்வார்கள். கட்டுப்படியாகும் என்று தெரிந்தால்தான் ‘இன்ன தேதியில் இன்ன பாரில் குளிப்பு’ என்று அறிவிப்பு வெளியாகும். அதை நம்பி எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குவார்கள். கரையில் சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். எல்லாம் மூடிய சிப்பி. உள்ளே அதிர்ஷ்டமும் இருக்கலாம், வெறும் நாற்றமும் இருக்கலாம்.

மூடிய சிப்பியை ஏலம் எடுப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். சாஃப்ட்வேர் எழுதுகிறார்கள்.

ஃபிரேம்வொர்க் என்று ஒன்றைச் சொல்வார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். வீடு கட்டுகிறவர் தானே சூளை போட்டுச் செங்கல் சுடுவதில்லை அல்லவா? அந்த மாதிரி, இணையத்தில் ஓடும் அப்ளிகேஷன்களுக்குத் தூணும் உத்தரமும் ரெடிமேடாகக் கொடுக்கிற சமாச்சாரம். இதைத் தயாரிக்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ‘அடுத்த வெர்ஷனில் இதெல்லாம் வரப்போகிறது’ என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் வெளியிடுவார்கள். அதைப் பார்த்துத்தான் உலகம் முழுக்கப் பலர் அஸ்திவாரம் தோண்ட ஆரம்பிப்பார்கள்.

2002ல் மேக்ரோமீடியா என்ற அமெரிக்க கம்பெனி ‘ரிச் இன்டர்நெட் அப்ளிகேஷன்’ என்று ஒரு பெயரைப் பிரபலப்படுத்தியது. அன்றைய நிலைமை உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு பட்டனைத் தட்டினால் பக்கம் மொத்தமும் வெள்ளையாகி, திரும்ப வந்து சேர்வதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். அந்தத் தொல்லை இனி இல்லை, எல்லாம் ஃப்ளாஷ் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். 2004ல் ஃப்ளெக்ஸ் வந்தது. 2005ல் கம்பெனியையே அடோபி வாங்கிவிட்டது. மைக்ரோசாஃப்ட் விடுமா? 2007ல் சில்வர்லைட்டோடு வந்து நின்றது. இருவரும் மாறி மாறி அறிவிப்புகள் வெளியிட்டார்கள்.

அதே காலத்தில் சென்னையில் அட்வென்ட்நெட் என்ற கம்பெனி வேறு ரூட்டில் போய்க்கொண்டிருந்தது. இன்றைய சோஹோதான். 2005ல் அவர்கள் வெளியிட்ட சோஹோ ரைட்டருக்கு ஃப்ளாஷும் வேண்டாம், எதுவும் வேண்டாம். பிரவுசருக்குள் ஏற்கெனவே இருந்த ஜாவாஸ்கிரிப்ட்டை வைத்தே ஒரு டைப்ரைட்டிங் மேஜையை உருவாக்கிவிட்டார்கள். ஒரே சிக்கல், இன்டர்நெட் போனால் மேஜையும் போய்விடும். 2007 மே மாதம் கூகுள், கியர்ஸ் என்று ஒன்றை அறிவித்தது. நெட் இல்லாதபோதும் பிரவுசரில் வேலை செய்யலாம் என்றது. சோஹோ உடனே பிடித்துக்கொண்டது. ஆகஸ்டில் நெட் இல்லாமல் படிக்கும் வசதி, நவம்பரில் எழுதும் வசதி. கூகுளின் சொந்த டாக்ஸுக்கே அது 2008ல்தான் வந்தது. பாரைக் கண்டுபிடித்தவர் ஒருவர், முதலில் குளித்தவர் இன்னொருவர்!

ஆனால் 2010லேயே கூகுள், கியர்ஸை இனி வளர்க்கப்போவதில்லை, ஹெச்டிஎம்எல் 5 வருகிறது என்று சொல்லிவிட்டது. சோஹோ பெரிய இடம், மாற்றி எழுதிக்கொள்ள ஆள் இருந்தது. பத்துப் பேர் வைத்துப் பிழைக்கும் கம்பெனி என்ன செய்யும்?

கூகுள் 2014ல் இன்னொன்றும் செய்தது. லட்சக்கணக்கானவர்கள் நம்பிக் கட்டிக்கொண்டிருந்த ஆங்குலரின் அடுத்த பதிப்பில் என்னென்ன வரும் என்று ஒரு மேடையில் விவரித்தார்கள். பழையதற்கும் புதியதற்கும் பேருக்குத்தான் சம்பந்தம் என்பது அப்போதுதான் புரிந்தது. கூட்டம் கொதித்துப் போனது. ஏன் கொதிக்காது? வருடக்கணக்கில் உழைத்து வைத்தது ஒரே நாளில் ‘பழசு’ ஆகிவிட்டது. புதியது முழுசாக வந்ததோ 2016 செப்டம்பரில்தான். வாங்கிய அடியில் புத்தி வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய வெர்ஷன், ஒவ்வொன்றுக்கும் 18 மாதம் ஆதரவு என்று பிறகு விதி செய்துகொண்டார்கள். பீட்டா, ரிலீஸ் கேண்டிடேட் என்றெல்லாம் முன்னோட்டம் விடுவதும் அந்த மாதிரிச் சிப்பி கழுவும் வேலைதான். நம் வெள்ளைக்கார அதிகாரி அதைச் செய்யாமல் அறிவிப்பே கொடுக்க மாட்டார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

கழுவிப் பார்த்தாலும் கடல் கடல்தான். எதிர்க்கரைக் கதை ஒன்று உண்டு. 1905ல் இலங்கைப் பக்கம் 8 கோடிக்கும் மேல் சிப்பி எடுத்தார்கள். அப்படியொரு அறுவடை அதற்கு முன் நடந்ததில்லை. பார்த்த லண்டன் பணக்காரர்கள் ஒரு கம்பெனியைத் தொடங்கி, மறுவருடமே 20 வருடக் குத்தகைக்கு எடுத்துவிட்டார்கள். வருடத்துக்கு 3 லட்சம் ரூபாய்க்கு மேல் வாடகை. 1907க்குப் பிறகு பாரில் சிப்பியே இல்லை! மணல் மூடியிருக்கலாம், திருக்கை தின்றிருக்கலாம், யாரிடம் போய்க் கேட்பது? 1912ல் கம்பெனியை இழுத்து மூடினார்கள். தூத்துக்குடிப் பக்கம் கடைசிக் குளிப்பு 1961ல்.

ஃப்ளாஷுக்கு வருவோம். 2017 ஜூலையிலேயே அடோபி நாள் குறித்துவிட்டது, 2020 டிசம்பர் 31 கடைசி என்று. மூன்றரை வருட அவகாசம். தென்னாப்பிரிக்க வருமான வரித்துறையின் படிவங்களில் சில அப்போதும் ஃப்ளாஷில்தான் இருந்தன. 2021 ஜனவரி பிறந்ததும் அவை திறக்கவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? படிவங்களை மாற்றுவதற்குப் பதில், ஃப்ளாஷ் ஓடுகிற மாதிரி சொந்தமாக ஒரு பிரவுசரையே வெளியிட்டு, வரி கட்டுகிறவர்களே, இதை டவுன்லோட் செய்துகொள்ளுங்கள் என்றார்கள்.