கம்ப்யூட்டருக்கும் ஹிஸ்டரி கேட்கணும்



இன்னைக்கு சுகரும் இல்லை, பிரஷரும் இல்லை. ஒரு பழைய கம்ப்யூட்டர்ல ஓ.எஸ். ஏத்த முடியாம நாங்க பட்ட பாடும், அந்தப் பாட்டுக்குப் பின்னால இருக்கிற வரலாறும்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். கடைசியில் மருத்துவச் செய்தி ஒன்று உண்டு.

(நோயாளியின் அனுமதியோடு எழுதுகிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

1) போடிமெட்டுக்கு மேலே, பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் ஒரு அம்மா. விடியறதுக்குள்ள போடியில ஜீப் ஏறி, பொழுது சாயும்போது இறங்குறவங்க. காலில் சீழ் பிடித்த புண்ணோடு வந்தார். ஊசி எழுதப் போனேன்.

"டாக்டரய்யா, எனக்கு ஒரு ஊசி சேராது. முன்னாடி போட்டு மயங்கி விழுந்துட்டேன். பெரிய டாக்டரு அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சாரு."

"எந்த ஊசிம்மா?"

"அது தெரியலையே சாமி."

பெரிய டாக்டர் இப்போது இல்லை. அவருடைய கிளினிக்கைத்தான் நான் நடத்துகிறேன். பென்சிலின் குடும்பத்தையும் அதன் உறவுக்கார மருந்துகளையும் தொடாமல் வேறு மருந்து கொடுத்து அனுப்பினேன். ஆனால் மனசு கேட்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் ஸ்டோர் ரூமில்தான் கிடந்தது.

2) விண்டோஸ் 98 போட்ட, 1999 காலத்துப் பெட்டி. போடியில் ஏலக்காய் ஏலமே மின்னணு முறைக்கு மாறியது 2007-ல்தான். அதற்கு எட்டு வருடம் முன்னாடியே நோயாளிக் குறிப்பை கம்ப்யூட்டரில் ஏற்றியவர் அவர்.

ஸ்விட்சைப் போட்டால் கருப்புத் திரை. ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்றது.

அக்கா மகன் வந்தான். "மாமா, பென் டிரைவ்ல புது விண்டோஸ் இருக்கு. டிஸ்க்கை ஃபார்மட் பண்ணி ஏத்திடலாம்."

அரை மணி நேரம் மல்லுக்கட்டினான். அந்தக் காலத்துப் பெட்டிக்கு பென் டிரைவில் இருந்து பூட் ஆகத் தெரியாது. "வேலைக்கு ஆகாது மாமா, காயலான் கடைக்குப் போடுங்க."

யோசிச்சுப் பாருங்க. அது மட்டும் பூட் ஆகியிருந்தால், அந்த அம்மாவின் குறிப்பு உட்பட எல்லாவற்றையும் நாங்களே எங்கள் கையால் அழித்திருப்போம்.

3) நோயாளி வந்ததும் கத்தியை எடுப்பதில்லை. முதலில் ஹிஸ்டரி. எப்போதிருந்து? அதற்கு முன் என்ன? அதையே இங்கேயும் செய்தோம்.

தேதி பல வருடம் பின்னால் ஓடிப் போயிருந்தது. இதுதான் முதல் அறிகுறி. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி 3 வோல்ட் பேட்டரி இருக்கும். அது செத்தால் கடிகாரத்தோடு ஹார்ட் டிஸ்க் அமைப்பும் மறந்து போகும். பேட்டரியை மாற்றி, பயாஸில் டிஸ்க்கைத் தேடச் சொன்னதும் கண்டுபிடித்துவிட்டது.

ஆனால் விண்டோஸ் பாதியில் நின்றது. டிஸ்க்கில் சில இடங்கள் கெட்டுப் போயிருந்தன. உடனே அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி, வேறு கம்ப்யூட்டரில் மாட்டி முழு நகல் எடுத்தோம். அதன் பிறகு அசலைத் தொடவே இல்லை.

"நகல்தான் இருக்கே, லேப்டாப்ல திறக்க வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். கிளினிக் சாஃப்ட்வேருக்கு ஒரு டாங்கிள் உண்டு. பழைய பிரிண்டர் போர்ட்டில் செருகினால்தான் திறக்கும். ஆக, அதே பெட்டியில், வேறொரு டிஸ்க்கில், விண்டோஸ் 98-ஐ மறுபடி ஏற்றியே ஆகணும்.

4) முதல் தோல்வி: 160 ஜி.பி. டிஸ்க் மாட்டினோம். பெட்டி அப்படியே உறைந்தது.

இதற்கு ஒரு பரம்பரைக் கதை இருக்கு. டிஸ்க்கின் இடத்தைக் குறிக்க ஐ.பி.எம். பி.சி.யின் பயாஸ் ஒரு கணக்கு வைத்திருந்தது. டிஸ்க் செய்தவர்களின் ஐ.டி.இ. வேறொரு கணக்கு வைத்திருந்தது. இரண்டும் சேரும்போது எது சிறியதோ அதுதான் செல்லும். விளைவு, 528 எம்.பி.க்கு மேல் தெரியாது. அந்தச் சுவரைத் தாண்டினால் 8.4 ஜி.பி.யில் அடுத்த சுவர். அப்புறம் 33.8. அப்புறம் 137. ஒவ்வொரு முறையும் "இதுக்கு மேல யாருக்குத் தேவைப்படும்?" என்று நினைத்திருப்பார்கள். எங்கள் பெட்டி 33.8-ல் முட்டி நின்றது.

போடிக்காரங்களுக்கு இது எளிதா புரியும். நம்ம மதுரை-போடி ரயில் 1928-ல் வந்தது, மீட்டர் கேஜ், 1000 மி.மீ. 2010 கடைசியில் நிறுத்தினார்கள். 1676 மி.மீ. அகலப் பாதையாகி போடிக்கு மறுபடி ரயில் வந்தது 2023 ஜூனில். பழைய பெட்டி கெட்டுப் போனதல்ல. தண்டவாளம் மாறிவிட்டது.

பழைய கம்ப்யூட்டர் கடை ஒன்றில் 20 ஜி.பி. டிஸ்க் கிடைத்தது. மாட்டினோம், தெரிந்தது.

5) இரண்டாவது தோல்வி: எங்களிடம் இருந்த சி.டி. பூட் ஆகவில்லை.

சி.டி.யில் இருந்து பூட் ஆகும் முறையை ஃபீனிக்ஸும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து 1995-ல்தான் வகுத்தார்கள். பெயர் எல் டொரிட்டோ. அமெரிக்காவில் ஒரு மெக்சிகன் உணவகத்தின் பெயர்! ஆனால் விண்டோஸ் 98 சி.டி.க்கள் எல்லாமே அந்த முறையில் வந்தவை அல்ல. பலவற்றுக்கு ஸ்டார்ட்அப் ஃபிளாப்பி வேண்டும்.

ஃபிளாப்பி தேடிப் போட்டோம். டி டிரைவில் சி.டி.யைத் தேடினால் செட்டப் இல்லை. காரணம், அந்த ஃபிளாப்பி மெமரியில் ஒரு தற்காலிக டிரைவை உருவாக்கி, டி என்ற எழுத்தை அதற்குக் கொடுத்துவிடும். சி.டி. ஒரு எழுத்து தள்ளி ஈ ஆகிவிடும். 90-களில் எத்தனை பேர் இதில் சி.டி. கெட்டுப் போச்சுன்னு தூக்கிப் போட்டாங்களோ!

6) மூன்றாவது தோல்விதான் எனக்குப் பிடித்தது. வேகமாக ஓடட்டும் என்று மருமகன் 768 எம்.பி. ராம் போட்டிருந்தான். விண்டோஸ் 98 சொன்னது: மெமரி போதவில்லை!

512 எம்.பி.க்கு மேல் இருந்தால் அதன் கேஷ் பகுதி அளவுக்கு மீறி முகவரி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மற்றதற்கு இடம் இருக்காது. ஒரு ராமைக் கழற்றியதும் சரியாகிவிட்டது. டோஸ் கூடினால் மருந்தும் விஷம்.

7) ஒருவழியாக விண்டோஸ் ஏறியது. டாங்கிளைச் செருகி சாஃப்ட்வேரைத் திறந்தோம். பெயர்கள் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கல்.

விண்டோஸ் 98-க்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்து எழுத்துரு செய்தார்கள். ஆளுக்கொரு வரிசை. பாமினியில் 'அம்மா' என்று அடித்ததை எழுத்துரு இல்லாமல் பார்த்தால், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் விண்டோஸுக்குள் அது வந்தது விண்டோஸ் 2000-ல்.

பழைய டிஸ்க்கின் நகலில் இருந்து எழுத்துருக் கோப்பை எடுத்துப் போட்டோம். கிறுக்கல் தமிழானது.

8) அந்த அம்மாவின் பெயர் இருந்தது. 2001-ஆம் வருடப் பதிவு. பெரிய டாக்டர் ஒரே வரி எழுதியிருந்தார்: பென்சிலின் டெஸ்ட் டோஸ், மயக்கம், இனி கொடுக்கக் கூடாது.

மறுமுறை வந்தபோது ஒரு அட்டையில் எழுதி, லேமினேட் செய்து கையில் கொடுத்தேன். "இதை ஜீப்ல போறப்பவும் வச்சிக்கோங்கம்மா" என்றேன். முந்தானையில் முடிந்துகொண்டார்.

மக்களே, சொல்ல வந்தது இதுதான்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ மருந்து ஒவ்வாமை இருந்தால், மருந்தின் பெயர், வருடம், என்ன ஆனது, மூன்றையும் தாளில் எழுதி வையுங்கள். பென்சிலின் ஒவ்வாமை பத்து ஆண்டுகளில் பலருக்கு மறைந்து போவதும் உண்டு. அதை மருத்துவமனையில் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். நீங்களாகப் போட்டுப் பார்க்காதீர்கள்.

பழைய கம்ப்யூட்டர் பூட் ஆகலையா? ஃபார்மட்னு யாராவது சொன்னா, "முதல்ல நகல் எடு தம்பி"ன்னு சொல்லுங்க.



பொது மருத்துவர்,
போடிநாயக்கனூர்