வென்ற விருந்தினர்

செக்கு, ஆலை என்ற இரு சொற்களும் காதில் விழும் பெயர் எங்கள் செக்காலைக்கு. காரைக்குடியின் ஒரு பகுதியான இவ்விடத்தில் உலகப் போட்டி எதுவும் நடந்ததில்லை. எனினும் சென்னையில் ஒரு பெரும் போட்டி நடக்கும்போது அது எங்கள் வீட்டு விசேஷமாகவே தோன்றும். படிப்பு, வேலை, வியாபாரம் என்று சென்னைக்குப் போனவர் இல்லாத வீடு இங்கே குறைவு. போதாததற்கு, சேப்பாக்கம் மைதானம் தாங்கி நிற்பதே இந்த மண்ணின் பெயரைத்தான். காரைக்குடிக்கு அருகிலுள்ள கானாடுகாத்தானைச் சேர்ந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகனும், 1960களின் தொடக்கத்தில் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்தவருமான எம்.ஏ.சிதம்பரத்தின் பெயர் அது.

விருந்து என்றால் என்ன என்பதைச் செட்டிநாட்டில் எவரும் தனியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. முதல் பந்தி வந்தவர்களுக்கு; வீட்டுக்காரருக்குக் கடைசிப் பந்தி. இம்முறையை விளையாட்டுக்கும் நீட்டினால் சங்கடமான கேள்வி ஒன்று எழுகிறது. வந்தவர் நம் முற்றத்திலேயே நம்மைத் தோற்கடித்துவிட்டால் வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும்? சென்னையின் விளையாட்டு வரலாற்றை இக்கேள்வியின் வழியாகவும் வாசிக்கலாம்.

உலகக்கோப்பைக் கிரிக்கெட் முதன்முறையாக இங்கிலாந்தை விட்டு வெளியே வந்தது 1987இல். அக்டோபர் 9 அன்று சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதின. மணிந்தர் சிங்கின் பந்தை டீன் ஜோன்ஸ் தூக்கி அடித்தார். நடுவர் நான்கு ஓட்டங்கள் என்று சைகை காட்டினார். தரையில் படாமலே எல்லையைக் கடந்தது என்றனர் ஆஸ்திரேலியர். இடைவேளையில் அவர்களுடைய மேலாளர் நடுவர்களிடம் முறையிட, கபில் தேவும் இசைந்தார். 268 என்றிருந்த எண்ணிக்கை 270 ஆயிற்று. சென்னைக்காரரான ஸ்ரீகாந்த் 70 ஓட்டங்களும், தம் முதல் ஒருநாள் போட்டியில் ஆடிய சித்து 73 ஓட்டங்களும் எடுத்தனர். இருந்தும் ஒரு பந்து மீதமிருக்கையில் இந்தியா 269க்கு அனைத்து விக்கெட்டுகளையும் இழந்தது. ஓர் ஓட்டத்தில் தோல்வி. கபில் விட்டுக்கொடுத்ததோ இரண்டு ஓட்டங்கள். அந்தக் கணக்கு எங்கள் திண்ணைகளில் வெகுகாலம் தீரவில்லை. ஆஸ்திரேலியா அவ்வாண்டு கோப்பையையும் வென்று சென்றது.

இதைவிடப் பெரிய சோதனை 1999 ஜனவரியில் வந்தது. 12 ஆண்டுகளுக்குப் பின் பாகிஸ்தான் அணி டெஸ்ட் ஆட வந்திருந்தது. வருகையை எதிர்த்தவர்கள் தில்லியில் ஆடுகளத்தையே தோண்டிச் சேதப்படுத்தியிருந்தனர். சேப்பாக்கத்தில் இந்தியாவுக்கு இலக்கு 271. முதுகுவலியோடு போராடி 136 எடுத்த சச்சின் வெளியேறியபோது தேவைப்பட்டவை 17 ஓட்டங்களே. கையில் மூன்று விக்கெட்டுகள். அம்மூன்றும் நான்கு ஓட்டங்களுக்குள் சரிந்தன. 12 ஓட்டங்களில் பாகிஸ்தான் வென்றது. உறைந்துபோன அரங்கம் பிறகு எழுந்து நின்று கைதட்டியது. வாசிம் அக்ரமும் அவர் அணியினரும் அந்தக் கைத்தட்டலுக்கு நடுவே மைதானத்தைச் சுற்றி வந்தனர். அடுத்த மாதமே கொல்கத்தாவில் இதே அணிகள் ஆடியபோது, ரசிகர்களை வெளியேற்றிவிட்டுத்தான் ஆட்டத்தை முடிக்க நேர்ந்தது என்பதை நினைத்தால், சென்னையில் நடந்தது எவ்வளவு அரிது என்பது விளங்கும்.

இதனால் சென்னை எப்போதும் கதவைத் திறந்தே வைத்திருந்தது என்று சொல்லிவிட முடியாது. 2013இல் ஆசியத் தடகளப் போட்டி இங்கே நடக்கவிருந்தது. இலங்கை அணி பங்கேற்பதை ஏற்க இயலாது என்று முதலமைச்சர் ஜெயலலிதா நடத்த மறுத்தார். போட்டி புணேவுக்குப் போயிற்று. அவ்வாண்டு ஐ.பி.எல். ஆட்டங்களிலும் இலங்கை வீரர்கள் சேப்பாக்கத்தில் ஆடவில்லை. 2009இன் துயரம் ஆறாதிருந்த காலம் அது. துக்க வீட்டில் விருந்து வைக்க முடியாது என்பது ஒரு நியாயம். ஓட வந்த பிள்ளைகளை வாசலில் நிறுத்துவது முறையா என்பது இன்னொரு நியாயம். இவ்விரண்டையும் ஒருங்கே சொல்லாமல் இந்நகரின் விருந்தோம்பலைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

அதே 2013 நவம்பரில் உலகச் சதுரங்கப் பட்டத்துக்கான போட்டி சென்னையில் நடந்தது. தாம் வளர்ந்த நகரிலேயே விசுவநாதன் ஆனந்த் 3½ - 6½ என்ற கணக்கில் மேக்னஸ் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே ஆட்டம் திருவிழாவாகத் திரும்பி வந்தது. 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடக்க வேண்டியது. உக்ரைன் போரினால் அங்கிருந்து மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் சென்னைக்கு அளிக்கப்பட்டது. நான்கே மாதங்களில் ஏற்பாடுகள் முடிந்தன. நேப்பியர் பாலம் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக மாற, அதன்மேல் நின்று படம் எடுத்துக்கொள்ள ஊரே திரண்டது. வேட்டி கட்டிக் கைகூப்பிய குதிரைத் 'தம்பி' தெருவெங்கும் வரவேற்றான். ஆடு புலி ஆட்டத்துக்குக் கோடு கிழித்துப் பழகிய எங்களுக்கு, மாமல்லபுரத்தில் பொதுப்பிரிவில் மட்டும் 188 அணிகள் காய் நகர்த்தியது பெருமிதமாகவே இருந்தது.

ஆனால் தங்கம் நமக்கில்லை. சென்னைப் பையன் குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றிருந்தார். பத்தாவது சுற்றில், கைக்கு எட்டிய வெற்றியைத் தவறவிட்டு உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் தோற்றார். அந்நாடு தங்கம் வென்றது; இந்தியாவின் இரண்டாம் அணிக்கு வெண்கலம். நிறைமாதக் கர்ப்பிணியாக ஹரிகா ஆடிய மகளிர் அணியும் கடைசிச் சுற்றில் அமெரிக்காவிடம் தோற்று வெண்கலத்தோடு நின்றது. மகளிர் தங்கத்தைப் பெற்றவர்கள் உக்ரைன் பெண்கள். எந்தப் போர் இந்த விழாவை நம் வாசலுக்குக் கொண்டுவந்ததோ, அந்தப் போரில் தாக்கப்பட்ட நாட்டின் பெண்கள் நம் கடற்கரையில் வென்றார்கள். அவர்களுக்குக் கைதட்டியபோது, தங்கம் போயிற்றே என்ற எண்ணம் சிறுத்துப்போனது.

2023 அக்டோபர் 23 அன்று பாகிஸ்தானை முதன்முறையாக ஒருநாள் போட்டியில் வீழ்த்திய ஆப்கானிஸ்தான் வீரர்களும் சேப்பாக்கத்தைச் சுற்றி வந்து ரசிகர்களுக்கு நன்றி சொன்னார்கள். 1999இல் அக்ரம் அணியினர் சுற்றி வந்த அதே புல்வெளி. 2024இல் குகேஷ் உலகப் பட்டம் வென்றபோது செக்காலையிலும் மகிழ்ந்தோம். எனினும் பிள்ளைகளிடம் சென்னையைப் பற்றிச் சொல்ல நேரும்போது நாங்கள் முதலில் சொல்வது அந்த 12 ஓட்டத் தோல்வியைத்தான். வெற்றியைக் கொண்டாட எந்த ஊருக்கும் தெரியும்.