குழாய் விரியும், கணக்கும் பிழைக்கும்

கட்டார், சவூதி, குவைத் எண்ணெய் ஆலைகளில் வேலை செய்த எமது சகோதரர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். நேராகப் போகும் நீண்ட குழாய் இடையிடையே 'ப' வடிவில் வளைந்து, மீண்டும் நேராகப் போகும். இடம் மிச்சமிருந்ததால் அப்படி வளைக்கவில்லை. 100 மீற்றர் உருக்குக் குழாயின் வெப்பநிலை 100 பாகை கூடினால் அது ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர் நீளும். இரு முனையையும் இறுக்கிக் கட்டினால் நீள இடமின்றிக் குழாய் நெளியும், அல்லது அது பொருத்தப்பட்ட பம்பியை உடைக்கும். அந்த 'ப' வளைவு விரிவை வாங்கிக்கொள்கிறது.

எங்கே வளைப்பது, எங்கே தாங்கி வைப்பது என்று கணக்கிடுவதே குழாய்த் தகைப்புப் பகுப்பாய்வு. 1941இல் அமெரிக்காவின் கெலொக் நிறுவனம் இதற்கென ஒரு நூலே வெளியிட்டது. பொறியியலாளர்கள் அன்று கையாலும் காகிதத்தாலும் கணக்கிட்டார்கள். இன்று கணனியில் குழாயை வரைந்து, மென்பொருளிடம் கொடுத்தால் சில நிமிடங்களில் விடை வருகிறது. இந்த இரண்டுக்கும் இடையில் நடந்த இரு சம்பவங்களை நாம் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோ கிராமத்தில் நடந்தது. நைலோனுக்கான மூலப்பொருள் செய்யும் நைப்ரோ தொழிற்சாலையில் ஆறு கொள்கலன்கள் படிப்படியாக இறங்கும் வரிசையில் நின்றன. 1974 மார்ச் மாத இறுதியில் ஐந்தாவது கொள்கலனில் வெடிப்பு காணப்பட்டது. அதை அகற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்தார்கள். வாயில்கள் 28 அங்குலம். கிடைத்த குழாய் 20 அங்குலம். இரு முனையிலும் துருத்தி போல நெளியும் பெல்லோஸ் இணைப்பு. தாங்குவதற்குக் கட்டடச் சாரம். வரைபடம் என்று இருந்தது வேலைத்தளத் தரையில் சோக்கால் கீறிய கோடுகள் மட்டுமே.

ஒரு வாயில் உயரத்திலும் மற்றது தாழ்விலும் இருந்ததால் குழாய்க்கு இரண்டு முறிவுகள் இருந்தன. உள்ளிருக்கும் அமுக்கம் இரு முனையிலும் தள்ளும்போது அவ்விரு விசைகளும் ஒரே கோட்டில் அமையவில்லை. அப்போது குழாயைத் திருப்பும் விசை உண்டாகும். சாதாரண தர விஞ்ஞானத்தில் 'விசையின் திருப்பம்' என்று நாம் படிப்பிப்பது இதைத்தான். அதை அங்கே எவரும் கணக்கிடவில்லை. ஆலையின் பிரதான பொறியியலாளர் பதவி அப்போது வெற்றிடமாக இருந்தது.

1974 ஜூன் 1, சனிக்கிழமை மாலை 4.53க்கு, வெளியேறிய சைக்ளோஹெக்சேன் ஆவி தீப்பற்றி வெடித்தது. 28 பேர் இறந்தார்கள். அவர்களில் 18 பேர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள். வேலை நாளாக இருந்திருந்தால் இன்னும் எத்தனையோ பேர் போயிருப்பார்கள். அந்தத் தற்காலிகக் குழாயே காரணம் என்று விசாரணைக் குழு 1975இல் முடிவு செய்தது.

'கணனி இருந்திருந்தால் தப்பியிருக்கலாமே' என்று தோன்றும். அதற்குப் பதில் இரண்டாவது சம்பவம்.

1979 மார்ச் 13 அன்று அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணைக்குழு ஐந்து அணு உலைகளை மூட உத்தரவிட்டது. அங்கே எதுவும் வெடிக்கவில்லை. நிலநடுக்கத்தின்போது குழாய்கள் தாங்குமா என்று கணக்கிட்ட கணனி நிரலில்தான் பிழை. வெவ்வேறு திசை அதிர்வுகள் குழாயில் ஏற்படுத்தும் விளைவுகளை அது சக, சய குறிகளோடு அப்படியே கூட்டியது. உதாரணமாக ஒன்று +5, மற்றது -4 என்றால் விடை 1. நிலநடுக்கமோ முன்னும் பின்னும் உலுக்கும். அதற்குக் குறி நிலையாக இல்லை. இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்தால் 9 வரை போகலாம். ஒன்பதைத் தாங்கவேண்டிய குழாய்க்கு ஒன்று போதும் என்று கணனி சொல்லியிருக்கிறது!

எப்படிப் பிடிபட்டது? அதே குழாய்களை வேறொரு நிரலில் போட்டுப் பார்த்தபோது விடைகள் பொருந்தவில்லை. அந்த வித்தியாசத்தை ஒதுக்கிவிடாமல் ஏன் என்று கேட்டார்கள். அவ்வளவுதான்.

பிளிக்ஸ்பரோவில் எவரும் கணக்கிடவில்லை. அமெரிக்காவில் கணக்கிட்டார்கள், ஆனால் வருடக்கணக்கில் விடையைச் சரிபார்க்கவில்லை.

1984இல் 'சீசர் 2' என்ற மென்பொருள் வந்தது. மேசைக் கணனியிலேயே இந்த வேலையைச் செய்யலாம் என்றாயிற்று. இன்று எமது பிள்ளைகளும் இத்தகைய மென்பொருள்களைக் கற்று வளைகுடாவுக்குப் போகிறார்கள், சந்தோஷம். ஆனால் குறுங்காலப் பாடநெறியில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை மட்டும் படித்துவிட்டுப் போகக்கூடாது. வெப்பநிலையைப் பிழையாகக் கொடுத்தாலும், இல்லாத தாங்கியை இருப்பதாகக் காட்டினாலும், மென்பொருள் அழகான அறிக்கை தரும். 'இந்த விடை நியாயமானதா?' என்று கேட்க உயர்தரப் பௌதிகவியல் வேண்டும். 'கணிதம் கஷ்டம், கணனிப் பாடநெறி போதும்' என்று சொல்லும் பெற்றோருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான்.

குழாய் வேலை செய்த சகோதரர்களே, நீங்கள் கண்டதைக் கீழே எழுதுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டுகிறோம்.