சாவா மூவாப் பற்சக்கரம்

நம் கோயில் கல்வெட்டுகளைப் புரட்டுகிறவர்களுக்கு நந்தா விளக்குக்கு ஆடு விட்ட செய்தி பழகிப்போன ஒன்று. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையன் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டு குறிப்பிடும். ஆடு மூப்படையும், சாகும் என்பதை அறியாதவர் எழுதிய தொடரன்று இது. செத்ததற்கு ஈடாகக் குட்டி சேர்ந்துகொண்டிருக்கும், எண்ணிக்கை குறைந்தால் அதற்கு இடையனே பொறுப்பு என்பதே பொருள். தஞ்சைப் பெரிய கோயிலில் அதுவும் போதாதென்று, இடையனுக்குப் பிணை நின்றவர்களின் பெயர்களையும் சேர்த்து வெட்டி வைத்தார்கள்.

எங்கள் தாமிரபரணிப் பக்கத்தில் இதே ஏற்பாட்டைக் காசில் காணலாம். அம்பாசமுத்திரத்தில் கிடைத்த, 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியன் கல்வெட்டு, இளங்கோக்குடிச் சபையார் கையில் 290 காசு கொடுக்கப்பட்டதைச் சொல்கிறது. முதல் கெடாமல், காசுக்கு இரண்டு கலம் வீதம், ஆண்டுக்கு 580 கலம் நெல்லைச் சபையார் அளக்க வேண்டும். மழை பொய்த்தாலும் அளந்தாக வேண்டியவர் யார் என்பதில் கல்லுக்குக் குழப்பமே இல்லை.

அழியக்கூடிய ஒரு பொருள் அழியாதது போலப் பயன் தரும், தவறினால் நான் பொறுப்பு என்று ஒருவர் எழுதிக்கொடுப்பதை இன்று 'வாரண்டி' என்கிறோம். அண்மைக் காலத்தில் இந்த எழுத்து மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட இடம், சற்றே எதிர்பாராத இடம்தான்: காரின் கியர் பெட்டி.

பழைய கியர் பெட்டி ஓட்டுநரின் இடக்காலை நம்பியிருந்தது. கிளட்சை மிதித்து இயந்திரத்தைப் பிரித்து, பல்லை மாற்றி, மெல்ல விட வேண்டும். அந்தக் காலை விடுவிக்க வந்த ஏற்பாடுகளுள் ஒன்று இரட்டைக் கிளட்சு. ஒன்று, மூன்று, ஐந்தாம் கியர்கள் ஒரு கிளட்சிலும், இரண்டு, நான்கு, ஆறு மற்றொன்றிலும் நிற்கும். ஒன்று விடும்போதே மற்றது பிடித்துக்கொள்ளும். எப்போது என்பதைக் கணினி தீர்மானிக்கும். கிளட்சு எண்ணெயில் மூழ்கியிருந்தால் சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்ளும். எரிபொருளையும் செலவையும் மிச்சம் பிடிக்கச் சில நிறுவனங்கள் எண்ணெயில்லாத உலர் கிளட்சைத் தேர்ந்தன. நெடுஞ்சாலையில் இதற்குக் குறையில்லை. ஆனால் மாலை நேரத்தில் சுலோசன முதலியார் பாலத்தில் ஊர்ந்து செல்லும் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். முழுதும் பிடிக்காமலும் முழுதும் விடாமலும் கிளட்சு உரசிக்கொண்டே இருக்கும். சூடு போக வழியில்லை. (1843இல் தம் சொந்தப் பணத்தில் அந்தப் பாலத்தைக் கட்டிய முதலியார் மாட்டுவண்டிகளைத்தான் மனத்தில் வைத்திருப்பார்.)

ஃபோக்ஸ்வேகன் 2008இல் கொண்டுவந்த ஏழு கியர் உலர் கிளட்சுப் பெட்டி சீனத்து நகர நெரிசலில் அகப்பட்டுக்கொண்டது. புகார்கள் பெருகவே, 2012இல் சீனத்தில் உத்தரவாதத்தைப் பத்தாண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என நீட்டினார்கள். 2013 மார்ச்சில் அரசுத் தொலைக்காட்சி இதை ஒளிபரப்பிய பிறகு 3,84,181 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன.

நமக்கு நெருக்கமான கதை ஃபோர்டினுடையது. அதன் ஆறு கியர் உலர் கிளட்சுப் பெட்டி, மறைமலை நகரில் உருவான பியஸ்டாவிலும் 2013இல் வந்த ஈகோஸ்போர்ட்டிலும் இடம்பெற்றது. அமெரிக்காவில் இதே பெட்டி பொருந்திய பியஸ்டா, ஃபோகஸ் வண்டிகள் குலுங்கின, தயங்கின. அச்சின் அடைப்பான்கள் கசிந்து, உலர்ந்திருக்க வேண்டிய கிளட்சில் எண்ணெய் பட்டது; கட்டுப்பாட்டுக் கணினியும் பழுதாயிற்று. 2014இல் அங்கே கிளட்சுக்கான பொறுப்பை ஏழாண்டு, 1,00,000 மைல் எனவும், கணினிக்குப் பத்தாண்டு, 1,50,000 மைல் எனவும் நிறுவனம் நீட்டியது. ஆஸ்திரேலியாவில் விவகாரம் நீதிமன்றம் போயிற்று. ஓட்டுகிறவர் பழக்கமே காரணம் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவந்ததும் அங்கே விசாரணைக்கு வந்தது. 2018 ஏப்ரலில் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதிக்கப்பட்டது.

ஆடு செத்ததற்கு விளக்கு ஏற்றியவன்தான் காரணம் என்று இடையன் சொன்னதாக எந்தக் கல்வெட்டிலும் நான் படித்ததில்லை.

இங்கே ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 'நீட்டித்த உத்தரவாதம்' என்ற ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் உலவுகின்றன. சீனத்திலும் அமெரிக்காவிலும் நடந்தது, செய்தவர் தம் செய்கையின் குறையை ஏற்றுச் செலவைத் தாங்கிக்கொண்டது. நம் ஊர் விற்பனையகத்தில் காசு வாங்கிக்கொண்டு தருவதோ ஏறக்குறைய ஒரு காப்பீடு. அதன் பின்பக்கத்துச் சிற்றெழுத்தில் தேய்மானப் பொருள்கள் பட்டியல் இருக்கும். பெரும்பாலும் அதில் பிரேக்குக் கட்டையோடு கிளட்சுத் தட்டும் நிற்கும். இரட்டைக் கிளட்சு வண்டியில் நோய் வருவதே அங்கேதான். சாவா மூவாப் பேராடு என்று எழுதிவிட்டு, கீழே 'கால் நீங்கலாக' என்று சேர்த்தது போல.

சட்டம் துணை வராதா என்றால், ஓரளவு வரும். 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, 2021 ஏப்ரல் முதல் பழுதுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு அரசு ஆணையிடலாம். வண்டி ஏழாண்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் பார்ப்பது உயிருக்கும் சூழலுக்கும் வரும் கேட்டைத்தான். உரிமையாளரின் பணப்பை அதன் கண்ணில் படாது. அதற்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் அதன் படியேற வேண்டும். 'இது இயல்புதான், ஓட்ட ஓட்டச் சரியாகும்' என்ற பதிலை நம்பிப் பலர் அந்த இரண்டாண்டைக் கடத்திவிடுகிறார்கள். பணிமனைச் சீட்டில் குறையை எழுதி வாங்குகிற பழக்கம், கல்லில் எழுதிவைத்த இந்த நாட்டில், எப்படியோ நின்றுபோயிற்று.

ஃபோர்டு நிறுவனம் 2017இல் புதுப்பித்த ஈகோஸ்போர்ட்டில் உலர் கிளட்சைக் கைவிட்டு, முறுக்குவிசை மாற்றியோடு கூடிய பழைய வகைத் தானியங்கிப் பெட்டிக்கே திரும்பியது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, உதிரிப் பொருள்களும் பணிமனையும் உத்தரவாதமும் தொடரும் என்றது. 2013இன் வண்டிகள் கைமாறிக் கைமாறி இன்னும் ஓடுகின்றன. வாங்கும்போது அவற்றின் மூன்றாவது உரிமையாளர் கேட்பது விலையையும் ஓடிய தூரத்தையும்தான். பிணை நின்றவர் யார் என்று கேட்க அவருக்கு ஒரு கல்லும் இல்லை.