ஓஸ்தியும் அப்பமும்

எங்கள் தெருமுனைக் கன்னியர் மடத்தில் ஓஸ்தி சுடுவார்கள். கோதுமை மாவும் தண்ணீரும்தான், உப்பில்லை, புளிப்பில்லை. இரும்பு அச்சில் ஊற்றி அழுத்தினால் காகிதம்போல ஒரு தகடு வரும். வட்டங்களை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சும் ஓரங்களைப் பிள்ளைகள் கையில் அள்ளிப் போடுவார் சிஸ்டர். மொறுமொறுவென்று தின்போம். அதே வட்டம் ஞாயிறு பூசையில் நாக்குக்கு வரும்போது மட்டும் பல் படக்கூடாது என்று ஆச்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டு சி.எஸ்.ஐ. புராட்டஸ்டண்ட் பையனுக்கு ஓஸ்தி என்ற சொல்லே தெரியாது. "எங்க கோயில்ல அதை அப்பம்னுதான் சொல்லுவோம்" என்றான். அவர்கள் கோயிலிலும் ஏறக்குறைய அதே வெள்ளை வட்டம்தான். பொருள் ஒன்றாக இருக்கப் பெயர் ஏன் இரண்டாயிற்று?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'ஒஸ்தியான சரக்கு' என்கிறோமே, சிம்பு படத்துக்குக்கூடப் பெயரானதே, அந்தக் குறில் ஒஸ்தி வேறு. அது 'ஒசத்தி'யின் தேய்வு. நெடில் ஓஸ்தி கப்பலில் வந்தது. ஜன்னலும் சாவியும் அலமாரியும் வந்த அதே போர்த்துக்கீசியத்திலிருந்து, முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் ஞானஸ்நானம் பெற்ற காலத்தை ஒட்டி நம் கரைக்கு வந்த சொற்கூட்டத்தில் ஒன்று. போர்த்துக்கீசியத்தில் 'ஓஸ்தியா'. அதற்கும் தாய் லத்தீன் 'ஹோஸ்தியா'. லத்தீனில் இதற்கு அப்பம் என்றோ ரொட்டி என்றோ பொருள் கிடையாது. பலியாடு, பலிமாடு என்று பொருள். பழைய ரோமாபுரிக் கோயில்களில் தெய்வங்களுக்கு வெட்டிய விலங்குக்கு அந்தப் பெயர்.

வெள்ளை வட்டத்துக்குப் பலிவிலங்கின் பெயர் வந்ததில் கத்தோலிக்கரின் முழுக் கொள்கையும் அடங்கியிருக்கிறது. பீடத்தில் நடப்பது பலி. அங்கே வைத்த அப்பம் குருவின் சொல்லால் கிறிஸ்துவின் உடலாகவே மாறுகிறது. நிறமும் சுவையும்தான் பழையபடி இருக்கும். திரெந்து பொதுச்சங்கம் இந்த மாற்றத்தை 1551லும், பூசை உண்மையான பலியே என்பதை 1562லும் அறுதியிட்டது. ஆச்சி திரெந்து என்ற பெயரைக் கேட்டிருக்கமாட்டார். பல் படக்கூடாது என்றது அதைத்தான்.

கிழக்கே போனால் சண்டை புளித்தமாவில் தொடங்குகிறது. 1054இல் ரோமும் கான்ஸ்டாண்டிநோபிளும் பிரிந்ததற்குப் போப்பாண்டவரின் அதிகாரம், விசுவாசப் பிரமாணத்தில் கூட்டிய ஒரு சொல் என்று காரணம் அடுக்குவோம். அன்று முன்னால் நின்ற வழக்கு அப்பம் பற்றியது. 1053இல் ஓரிட் நகரத்துப் பேராயர் லியோ எழுதிய கடிதம், லத்தீனர் புளிப்பில்லாத அப்பம் வைப்பதை யூத வழக்கம் என்று சாடியது. மறுவருடம் ஜூலை 16 அன்று போப்பின் தூதராக வந்த கர்தினால் ஹம்பர்ட், கான்ஸ்டாண்டிநோபிளின் ஹாகியா சோபியா கோயில் பீடத்தில் விலக்கோலையை வைத்துவிட்டுக் கிளம்பினார். கிரேக்கருக்குப் பொங்கிய அப்பமே உயிருள்ள அப்பம். அந்தத் தடித்த ரொட்டியின் நடுவில் ஈட்டிபோன்ற சிறு கத்தியால் ஒரு சதுரத்தைக் கீறி எடுப்பார்கள். அதன் பெயர் என்ன தெரியுமா? 'அம்னோஸ்', ஆட்டுக்குட்டி. மாவைப் பற்றி அத்தனை சண்டை போட்ட இருவரும் பெயர் வைக்கும்போது ஒரே பலிப்பிராணியிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். ஆர்த்தடாக்ஸ் கோயிலில் அதை இரசத்தில் நனைத்துக் கரண்டியால் ஊட்டுவார்கள், கைக்குழந்தை உட்பட. கத்தோலிக்கக் குழந்தைக்கோ ஏழு வயதளவில் 'புதுநன்மை'. நன்மை வாங்குவது என்ற இந்தத் தமிழ்ப் பேச்சு எனக்கு எப்போதும் பிடிக்கும். கேரளத்து சுரியானியர் வழிபாட்டையே 'குர்பானா' என்பார்கள். சுரியானியில் அதற்குக் காணிக்கை என்று பொருள்.

பலி என்ற எண்ணத்தையே தள்ளியவர்கள் புராட்டஸ்டண்டுகள். கல்வாரியில் ஒருமுறை நடந்து முடிந்ததற்கு மறுபடி பலி எதற்கு என்பது அவர்கள் கேள்வி. ஆனால் பலி இல்லையென்றால் அப்பத்தில் இருப்பது என்ன? இதில் அவர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை. 1529 அக்டோபரில் மார்பர்க் கோட்டையில் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்லியும் உட்கார்ந்து பேசினார்கள். 'இது என் உடல்' என்று இயேசு சொன்ன அந்தச் சின்ன வாக்கியத்தை லூத்தர் மேசைமேல் சாக்கட்டியால் லத்தீனில் எழுதிவைத்துக்கொண்டு அசைய மறுத்தார். அதிலுள்ள 'எஸ்த்' என்ற வினைக்கு 'ஆக இருக்கிறது' என்றே பொருள் என்றார் லூத்தர். 'குறிக்கிறது' என்றார் ஸ்விங்லி. பேச்சு முறிந்தது. தமிழனுக்கு இது வேடிக்கையாக இருக்கும். 'இது என் வீடு' என்று சொல்ல நமக்கு வினைச்சொல்லே வேண்டாம். இயேசு பேசிய அரமேயத்திலும் வேண்டியதில்லை. சீர்திருத்தத்தை இரண்டாகப் பிளந்த சொல் மூலப் பேச்சில் அநேகமாக இருந்திருக்காது.

ஆக, தமிழ் புராட்டஸ்டண்டுக்கு ஓஸ்தி ஒட்டாமல் போனதில் வியப்பில்லை. அவர்கள் வேதாகமத்தின் சொல் அப்பம். சடங்கின் பெயர் இராப்போஜனம், திருவிருந்து. பலிபீடம் போய்ப் பந்தி வந்துவிட்டது. பெந்தெகொஸ்தே சபைகளில் 'அப்பம் பிட்குதல்' என்றால் நினைவுகூருதல்தான். இரட்சணிய சேனையோ இந்தச் சடங்கையே வைத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அப்பம் பலிவாசனை இல்லாத சொல்லா? பெரியாழ்வார் கண்ணனுக்குச் செய்துவைத்த பண்டங்களில் அப்பம் உண்டு. கொள்ளிடக்கரைக் கோவிலடியில் பெருமாளின் பெயரே அப்பக்குடத்தான்; இன்றும் அவருக்கு இரவில் அப்பம் அமுதுசெய்விக்கிறார்கள். படையலை ஒதுக்கியவர் வாயில் படையல் பண்டத்தின் பெயர் நிலைத்துவிட்டது. பலியை வலியுறுத்தியவர் கையிலோ தமிழ்க்காதுக்குப் பலி என்றே கேட்காத ஓஸ்தி. பெயர்கள் ஆள்மாறி உட்கார்ந்திருக்கின்றன என்பேன். இரு தரப்பும் சேர்ந்து சொல்லும் 'நற்கருணை'தான் நேர்மையான மொழிபெயர்ப்பு. கிரேக்க 'யூகரிஸ்தியா'வைப் பிரித்தால் 'யூ' நல்ல, 'காரிஸ்' கருணை. சேர்த்துச் சொன்னால் நன்றி. இன்றைய ஏதென்ஸில் காப்பி வாங்கினாலும் அந்தச் சொல்லின் வினையைத்தான் சொல்வார்கள்.

இன்னொன்று. நம் அப்பம் அரிசி. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் பிரிவோ கோதுமை மட்டுமே என்கிறது. கேரளத்து சுரியானி வீடுகளில் பெரிய வியாழன் இரவு பச்சரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவிடாமல் பெசஹா அப்பம் அவிப்பார்கள். குருத்தோலையைச் சிலுவையாக அதன்மேல் வைத்து, குடும்பத்தில் மூத்தவர் வெட்டி, வயது வரிசைப்படி எல்லோருக்கும் கொடுப்பார். அந்த அப்பம் வீட்டோடு சரி. கோயில் பீடத்துக்குப் போவதில்லை.