சங்கின் அளவும் மடியின் கண்ணும்

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி, மணிமுக்தா நதியோடு கூடி வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. 1993 வரை கள்ளக்குறிச்சியும் அந்தக் கடற்கரையும் தென்னார்க்காடு என்ற ஒரே மாவட்டத்தின் இரு முனைகளாக இருந்தன. 2019இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. ஆயினும் கடலின் நெடுநாள் வழக்கொன்றில் நமக்கும் பங்குண்டு. அவ்வழக்கை அறியத் தெற்கே மன்னார் வளைகுடாவுக்குச் செல்ல வேண்டும்.

கடலடியிலுள்ள பாறைத் திட்டைப் 'பார்' என்பர் அப்பகுதி மீனவர்கள். முத்துப்பார், பவளப்பார் என்பன அதன் வகைகள். இப்பார்களில் கட்டுப்பாடு என்பது புதிதன்று. முத்துச்சிப்பிகள் முதிர்ந்துள்ளனவா என்று மாதிரி எடுத்துப் பார்த்த பின்னரே குளிப்புக்கு அரசு அனுமதி தரும். பல ஆண்டுகள் குளிப்பே நடவாமல் கழிவதுண்டு. தூத்துக்குடியில் அது கடைசியாக நடந்தது 1961இல். சங்குக் குளிப்பிலோ இன்னும் துல்லியமான விதி இருந்தது. கடந்த நூற்றாண்டில் சுமார் இரண்டேகால் அங்குலக் குறுக்களவுக்குக் குறைந்த சங்குகளை உயிரோடு கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது நடைமுறை. இதைக் கடல்மேல் கொண்ட கருணை என்று எண்ணிவிட வேண்டாம். சர்க்கார் வருமானத்தைக் காக்கும் கணக்கே அது. ஆனால் அந்தக் கணக்குக்குள் ஓர் அறிவு இருந்தது. எடுத்த பொருளை அளந்து பார்த்தார்கள். சிறியதைத் திருப்பிக் கொடுத்தார்கள். மூழ்குபவனின் கையும் ஒவ்வொன்றாகத்தான் எடுத்தது.

இழுவைமடிக்கு அந்தக் கை இல்லை. 1952இல் கையெழுத்தான இந்தோ-நார்வே திட்டம் கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கி, 1963க்குப் பின் மண்டபம் வரை விரிந்தது. இறால் ஏற்றுமதி பெருகவே விசைப்படகுகளும் பெருகின. மடி பாரில் சிக்கினால் கிழிந்துவிடும். ஆகவே பார்களுக்கு இடைப்பட்ட மணலிலும் கடற்புல் வெளியிலும் இழுக்கிறார்கள். பார்மீன்கள் பலவற்றின் குஞ்சுகள் வளர்வது அங்கேதான். கலங்கிய வண்டல் பவளத்தின் மேல் படிந்து அதையும் மூச்சடைக்கச் செய்கிறது.

1970களில் நாட்டுப்படகினருக்கும் விசைப்படகினருக்கும் நடந்த மோதல்களின் விளைவே 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். அச்சட்டப்படி அன்று கரையிலிருந்து மூன்று கடல்மைல் நாட்டுப்படகுக்கு ஒதுக்கப்பட்டது. விசைப்படகுக்கு அதற்கு அப்பால். ராமேஸ்வரம் பக்கம் வாரத்தின் நாள்களையும் மூன்று, நான்கு என்று பங்கிட்டுக்கொண்டார்கள். 2001இல் 45 நாள் தடைக்காலம் வந்தது. 2017இல் அது 61 நாளாயிற்று. இடையே 1986இல் 21 தீவுகளும் சுற்றியுள்ள பார்களும் தேசியப் பூங்காவாயின. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்த தொழிலால் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் போயின. 2001இல்தான் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன.

இவ்விதிகள் யாவும் தேவையானவையே. ஆனால் இவை பெரும்பாலும் யார், எங்கே, எப்போது என்று கேட்பவை. எது வலைக்குள் வருகிறது என்ற பழைய கேள்வி பின்னுக்குப் போயிற்று. மூன்று மைலுக்கு உள்ளே வல்லத்தில் சென்று இழுக்கும் தள்ளுமடியும் குஞ்சைத்தானே அள்ளுகிறது? எல்லைக்கோட்டுக்கு எந்தப் பக்கம் நின்று இழுத்தாலும் மடியின் கண் ஒன்றுதான்.

அந்தக் கண்ணைத் திருத்த வழி இருக்கிறது. வழக்கமான சாய்சதுரக் கண், இழுவிசையில் நீண்டு மூடிக்கொள்ளும். மடியின் கடைசிப் பையில் சதுரக் கண் வைத்தால் அது திறந்தே நிற்கும்; குஞ்சுகள் நழுவிவிடும். ஆமைகள் வெளியேறும் கதவமைப்பை நம் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமே வடிவமைத்துள்ளது. இத்தகைய கதவு நடைமுறைக்கு வராததால் 2019இல் அமெரிக்கா இந்தியாவின் கடல் இறாலுக்குத் தடை விதித்தது. ஆமைக்காவது அயல்நாட்டுச் சந்தையில் ஒரு குரல் கிடைத்தது. காரல் குஞ்சுக்கு அதுவும் இல்லை.

காரணம், அதற்கும் விலை இருக்கிறது. ராமேஸ்வரத்தில் 'சங்காயம்' என்றும் வேறு கரைகளில் 'கழசல்' என்றும் சொல்லப்படும் இந்தக் கழிவு மீன் ஒரு காலத்தில் கடலிலேயே கொட்டப்பட்டது. இன்று உலர்ந்து, பொடியாகி, உப்பில்லாக் கருவாட்டுத் தூளாக நாமக்கல் பக்கத்துக் கோழித் தீவனத்தில் சேர்கிறது. நம் பகுதிக் காடுகளில் விளையும் மக்காச்சோளம் போய்ச் சேர்வதும் அதே தீவனக் கலவைக்குத்தான். கடல் காணாத ஊரின் சோளமும், வளர முடியாத மீனின் பொடியும் ஒரு சாக்கில் கலந்து, முட்டையாக நம் வீட்டுக்குத் திரும்புகின்றன.

இதைச் சொல்வது விசைப்படகில் கூலிக்குப் போகும் தொழிலாளியைக் குற்றவாளியாக்க அன்று. இறால் குறைந்துவிட்ட கடலில், டீசல் செலவை ஓரளவு ஈடுகட்டுவது சங்காயம் விற்ற காசு. அதை நிறுத்து என்று அவனிடம் மட்டும் சொன்னால் நியாயமாகாது; வாங்குபவனையும் சேர்த்தே கேட்க வேண்டும். சிறு சங்கை அன்று கடலில் விட்டுவிட முடிந்ததற்குக் காரணம், ஏகபோக உரிமை கொண்டிருந்த சர்க்கார் அதைக் கொள்முதல் செய்ய மறுத்ததுதான். குஞ்சு மீனை மறுக்க அப்படி ஒரே ஒரு கொள்முதல்காரர் இல்லை. கரையிலிருந்து நம் தட்டு வரை பலர் இருக்கிறோம்.